இடது பக்கத்துக் குமிழ்

மூன்று வாரமாக அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். எந்தப் பெட்டியை வாங்குவது? பெட்டி என்றால் துணிமணி வைக்கிற பெட்டி இல்லை. பாட்டுகளைக் கலக்குகிற மிக்ஸரிலிருந்து வரும் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் பற்றி டிஜே படித்துவிட்டார். படித்ததையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தும் விட்டார். வாங்கத்தான் இல்லை.

அவள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றபடி ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் செலுத்த வேண்டும், மறுபக்கம் வந்து விழுவதை மடித்து அடுக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கால்கள் வேறு யாருடையவையோ போலிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் எதிரே வந்து நின்று, "இதுல ரெண்டு இன்புட்டு, அதுல நாலு. நமக்கு நாலு எதுக்கு, சொல்லு?" என்று கேட்டால் என்னதான் சொல்வது? "ஆமா, எதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

டிஜே என்பது தொழில். இருபத்திரண்டு வருடத்தில் அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி விருந்து என்று வாரக் கடைசி வந்தால் போதும், இரண்டு பெரிய ஸ்பீக்கர், அவற்றுக்கான கால்கள், ஒரு மூட்டை வயர், எல்லாவற்றையும் மாடி மாடியாகச் சுமந்துகொண்டு போவார். நாற்பத்தெட்டு வயதாகிறது. முழங்கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. இடுப்பு கெஞ்சவெல்லாம் இல்லை, நேரடியாகவே மிரட்டியது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஹோட்டல் அறிவிப்பு வந்தது. பெரிய ஹோட்டல். அதன் சாப்பாட்டுக் கூடத்துக்கு நிரந்தரமாக ஒரு டிஜே வேண்டுமாம். ஸ்பீக்கர் அவர்களுடையது, அது எப்போதும் அங்கேயே நிற்கும். மாதச் சம்பளம். விண்ணப்பத்தோடு, ஒரு மணி நேரம் வெட்டாமல் ஒட்டாமல் கலந்த ஒரு பதிவை அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி. கிடைத்தால் அவர் சுமை தூக்குவது நிற்கும். அவளும் புதன், வெள்ளியில் பார்க்கிற கூடுதல் ஷிப்டை விட்டுவிடலாம். விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று உடன் வேலை பார்க்கிறவள் கேட்டதற்கு, "உக்காருவேன்" என்றாள் இவள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட மனிதர் தன் வேலையில் ஒரு நிமிடத்தைக்கூடப் பதிவு செய்து வைத்ததில்லை. கல்யாணம் முடிந்தால் சாப்பாட்டு இலையோடு அதுவும் போயிற்று. முதல் முயற்சியாக, மிக்ஸர் வயரைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் சொருகிப் பார்த்தார். வந்த சத்தம் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ திட்டுகிற மாதிரி இருந்தது.

அவள் தம்பி வந்து பார்த்தான். ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், எதைச் சொன்னாலும் ஏற்கெனவே நூறு முறை சொல்லிக் களைத்த குரலில்தான் சொல்வான்.

"மாமா, இந்த ஓட்ட மனுஷன் பேசற சின்னச் சத்தத்துக்கு வெச்சது. உங்க மிக்ஸர் குடுக்கறது எவ்வளவு பெரிய சத்தம்! அத இதுக்குள்ள விட்டா கிழியத்தான் செய்யும். நடுவுல ஒரு பெட்டி வேணும். இல்லன்னா பெட்டியோட சேந்த புது மிக்ஸரே வாங்கணும்."

அன்று ஆரம்பித்தது இந்தப் பெட்டிப் புராணம்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு வாங்கறீங்க. இல்லன்னா இனிமே என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள்.

"நீயும் வா" என்றார் அவர்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊசி வாங்கப் போனாலும் கடைக்காரனுக்கே பாடம் எடுத்துவிட்டு வருகிற ஆள். பாட்டு விஷயத்தில் அவளிடம் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. "நான் எதுக்கு? எனக்கென்ன தெரியும்?"

"சும்மா வா. ரெண்டு காது கூட இருந்தா நல்லதுதானே."

நாள் முழுக்க உருளையின் இரைச்சலில் ஊறிய காதுகள். அவற்றையும் தூக்கிக்கொண்டு போனாள்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வயர்கள் தொங்கின. கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த முகம். டிஜே தாம் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார்.

பிறகு மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று விலை குறைவு, திருகுவதற்கு ஒன்றுமே இல்லாத வெறும் பெட்டி. இரண்டாவது கொஞ்சம் கனமானது, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டு குமிழ், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு விளக்கு. மூன்றாவது, பெட்டியையும் தனக்குள்ளேயே வைத்திருந்த ஒரு புது மிக்ஸர். அதன் விலையைப் பார்த்ததும் டிஜே அதைத் தொடவில்லை.

"நீ மொதல்ல கேளு" என்று ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

அவள் மாட்டிக்கொண்டாள். முதல் பெட்டி. பாட்டு நன்றாகத்தான் வந்தது, ஆனால் இடது காதில் பாட்டுக்கு அடியில் ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. "இடது பக்கம் ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வருதே" என்றாள்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார் டிஜே. அவர் இன்னும் ஹெட்போனைத் தொடவே இல்லை.

"வயர்தான் லூசா இருக்கும்" என்று கடைக்காரர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து, இடது வயரின் முனையை அப்படியே பிடுங்கி வெளியே எடுத்தார். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே, "இப்ப இரைச்சல் இருக்கான்னு பாருங்க சார்" என்று ஹெட்போனை டிஜேயிடம் கொடுத்தார்.

டிஜே மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார். "போயிடுச்சு. இப்ப சுத்தமா இருக்கு. ரெண்டு பக்கமும் நல்லா விழுது."

கடைக்காரர் கையிலிருந்த வயர் முனையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இடது பக்கத்துக்கு உயிர் கொடுக்கிற வயர் அவர் விரல்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளப் போய் இப்படி அசடு வழிகிறாரே என்று கூச்சப்பட்டாள். அவ்வளவுதான் நினைத்தாள். அன்றைய களைப்பு அதற்கு மேல் அவளை யோசிக்க விடவில்லை.

"ரெண்டு குமிழ் வெச்சதையே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர், டிஜேயிடம் இல்லை, அவளிடம். "விளக்குப் பச்சையா எரிஞ்சா சரி. சிவப்பு வந்தா சத்தம் கிழியுதுன்னு அர்த்தம். விளக்கப் பாத்து வெச்சுட்டா காதுக்கு வேலையே இல்ல."

"விளக்கப் பாத்து வாசிக்க நான் என்ன ரோட்டுல வண்டியா ஓட்டறேன்?" என்று சிரித்தார் டிஜே. கடைக்காரர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும்போது பேருந்தில் அவர் வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் அவள். "இப்படியாவது ஒண்ணு முடிஞ்சுதே" என்று சொன்னாள். பதில் இல்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவர் இப்போதெல்லாம் இப்படித்தான்.

இப்போதெல்லாம் என்றால் மூன்று வருடத்துக்கும் மேலாக. முன்பெல்லாம் படுத்த பிறகு அவள் வேலையிடத்துக் கதையெல்லாம் சொல்லுவாள். யார் யாரோடு சண்டை, எந்த உருளை மக்கர் பண்ணியது, எல்லாம். அவர் மல்லாந்து படுத்து ஊம் கொட்டுவார். ஊம் குறைந்துகொண்டே வந்தது. சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் பதவி காலியானபோது, பதினான்கு வருடம் நின்ற இவளை விட்டுவிட்டு நேற்று வந்த ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அன்று படுக்கையில் அதை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி, "அந்த டேபிள் ஃபேனக் கொஞ்சம் திருப்பி வையேன்" என்றார். எழுந்து திருப்பி வைத்தாள். அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டை போடவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

சனிக்கிழமை காலை டிஜே பதிவு செய்தார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுடைய மேசையில்தான் மிக்ஸரும் கம்ப்யூட்டரும் புதுப் பெட்டியும். மனைவி அரைநாள் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்து கிடந்தது. மூன்று வாரத்தில் அந்த முகத்தை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"முடிஞ்சுது. ஒரே மூச்சுல ஒரு மணி நேரம். எங்கயும் தட்டல. இதுல ஒரே ஒரு கொற, இந்தப் பெட்டியில இடது பக்கம் கொஞ்சம் சோப்பிளாங்கி. வலதுக்குப் பாதி திருப்பினா போதும், இடதுக்கு முழுசும் திருப்ப வேண்டியிருந்துச்சு. பரவால்ல, ரெண்டும் சரிசமமா வர்ற வரைக்கும் காதால கேட்டு வெச்சுட்டேன். கேட்டுப் பாரேன்."

சாப்பிடக்கூட உட்காராமல் அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

இரண்டு நொடிகூட ஆகவில்லை. பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இடது காதுக்குள் யாரோ தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. வலது பக்கத்தில் பாட்டு. அழகான பாட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்போது வந்தது என்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகிற கலவை. இடது பக்கத்தில் வெறும் கரகரப்பு.

"என்ன?" என்றார்.

"இடது பக்கம் கிழியுதுங்க."

"கிழியுதா? எங்க? குடு." வாங்கி மாட்டினார். கேட்டார். புருவம் நெளிந்தது. "ஒண்ணும் கிழியலயே. உனக்கு அந்த மிஷினோட சத்தம் காதுலயே நின்னு போச்சு."

அவள் கண் பெட்டியின் மேல் போயிற்று. பாட்டு நின்றிருந்ததால் விளக்கு எரியவில்லை. ஆனால் இரண்டு குமிழ்களும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. வலது குமிழின் கோடு மேலே பார்த்து நின்றது. இடது குமிழின் கோடு முட்டுகிற இடம்வரை திரும்பிக் கிடந்தது.

"சிவப்பு வந்துச்சா?"

"வந்துச்சு. அது சும்மா. பெட்டியே கோளாறுங்கறேன், விளக்கு மட்டும் யோக்கியமா?" குரல் ஏறியது. "ஒழுங்கா ஒரு பொருள் வாங்க விடறியா? இன்னைக்கே வாங்கு இன்னைக்கே வாங்குன்னு உயிர எடுத்த. இப்பக் கோளாறுப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழு. நான் போயி மாத்திட்டு வரேன்."

அவர் பெட்டியின் வயர்களைக் கழற்றப் போனார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கடைக்காரரின் விரல்களுக்கு நடுவில் தொங்கிய வயர்தான் வந்து கண்முன் நின்றது. போயிடுச்சு, ரெண்டு பக்கமும் நல்லா விழுது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன முகம். கல்யாணமான புதிதில் அவர் வாசிப்பதை அவள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அடுத்த பாட்டைச் சரிபார்க்க ஹெட்போனை இடது தோளுக்கும் இடது காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். சுற்றிலும் ஸ்பீக்கர் அலறும், அதையும் மீறிக் கேட்க வேண்டும் என்று அந்தக் காதுக்குள் முழுச் சத்தத்தையும் வைத்துக்கொள்வார். இப்போது வலது தோளில் இடுக்குகிறார். எப்போது மாற்றினார்? அவள் கவனித்திருக்கிறாள், ஏன் என்று யோசித்ததில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள்.

பதிவை மறுபடி ஓடவிட்டாள். ஹெட்போனை அவர் தலையிலிருந்து எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, இடது பக்கத்து மூடி வலது காதில் வரும்படி மாட்டிவிட்டாள்.

அவர் துள்ளி விழுந்தார். கை தானாகவே வலது காதுக்குப் போயிற்று. மூடியைக் கொஞ்சம் விலக்கினார், திரும்ப வைத்தார். கரகரப்பை முழுசாகக் கேட்டார். பிறகு, அவள் எதிர்பார்க்காதபடி, தானே கழற்றி நேராக மாட்டிக் கேட்டார். மறுபடி திருப்பினார். மறுபடி நேராக. நாலைந்து தடவை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு மகளின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"தெரியல." உள்ளங்கையைப் பார்த்தார். "மூணு வருஷம் இருக்கும். நாலு. மொதல்ல ஜலதோஷம்னு நெனச்சேன். கொஞ்சம் கொஞ்சமா… ரொம்பக் கம்மியாத்தான் கேக்குது. ஆனா இவ்வளவு கம்மின்னு எனக்கே தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"டிஜேக்குக் காது கேக்கலன்னா யாரு கூப்பிடுவா? உன்கிட்ட சொன்னா உன் தம்பிகிட்ட சொல்லுவ. அவன் நாலு பேர்கிட்ட சொல்லுவான். அப்புறம் அந்த ஹோட்டல மறந்துட வேண்டியதுதான். நீயும் காலம் பூரா நின்னுக்கிட்டே கெடப்ப."

அன்று மாலை அவருக்கு ஒரு பிறந்தநாள் வேலை இருந்தது. நான்கு மணிக்கு எழுந்து ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போனார். படியில் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள். அழுகையாகவும் வந்தது, பசியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. வாரத்தில் ஒரே நாள், மதியம்வரை தூங்குகிற நாள். எட்டு மணிக்கே எழுந்து மகளின் அறைக்குப் போனாள். அவர் மிக்ஸருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"விட்டுடலாம். ஒத்தக் காத வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட அனுப்பறது?"

"மூஞ்சிய யாரு கேட்டா? பாட்டத்தானே கேட்டாங்க?" உறையைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். "நான் நேத்துக் கேட்டேன். வலது பக்கம் முழுசும் கேட்டேன். இருபத்திரண்டு வருஷமா நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. பாட்டு நல்லா இருந்துச்சு. கெடுத்தது அந்தக் குமிழ். அத நான் பாத்துக்கறேன். நீங்க வாசிங்க."

"உனக்கென்ன தெரியும் அதப் பத்தி?"

"பச்சைன்னா சரி. சிவப்புன்னா கிழியுது. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா? எங்க உருளையிலயும் அதே விளக்குத்தான்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் வழி விட்டுவிட்டார்.

மேசையின் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் பத்து நிமிடம் ஒத்திகை. அவர் இடது குமிழைத் திருப்பக் கையை நீட்டும்போதெல்லாம் அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு கோடும் ஒரே திசையைப் பார்த்து நின்றன, இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. "எனக்கு இடது பக்கம் காலியா இருக்கு" என்று முனகினார். "எனக்கு ரொம்பி இருக்கு. என் பேச்ச நம்புங்க" என்றாள். தலையாட்டிவிட்டுப் பதிவு பொத்தானை அழுத்தினார்.

முதல் முறை இருபதாவது நிமிடத்தில் தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்க, அவர் கவனம் சிதறி இரண்டு பாட்டும் கால் இடறி விழுந்தன. இரண்டாம் முறை நாற்பதாவது நிமிடத்தில் தம்பி போன் பண்ணினான், பெட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க. அவனை அவள் வாழ்த்திய விதத்தை இங்கே எழுத முடியாது. மூன்றாம் முறை மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்தார்கள்.

அவர் இன்னொரு ஹெட்போனை வலது தோளில் இடுக்கிக்கொண்டு நின்று வாசித்தார். முழங்கால் வலிக்கும்போது ஒரு காலை மாற்றி இன்னொரு கால். அவள் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு பச்சை விளக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் சொக்கியது, சொக்கும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். ஒரு முறை இடது விளக்கு மஞ்சளுக்குத் தாவியது. அவள் அவர் முழங்கையைத் தொட்டாள். ஏன் என்று கேட்காமல் மிக்ஸரில் ஒரு நகத்தளவு இறக்கினார். பச்சை திரும்பியது. அதன் பிறகு அவள் கையை அவர் முழங்கையிலிருந்து எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு மெல்லத் தேய்ந்து அடங்கியது. ஒரு மணி நேரம் இரண்டு நிமிடம்.

அவர் கேட்கவில்லை. "நீ கேளு" என்றார். முழுசும் கேட்டாள். இடது, வலது, இரண்டும். கேட்டு முடித்து, "அனுப்புங்க" என்றாள். நான்கே முக்காலுக்கு அனுப்பினார்கள். கிடைத்தது, நன்றி, புதன்கிழமை தெரிவிக்கிறோம் என்று உடனே ஒரு பதில் வந்தது. இயந்திரம் அனுப்புகிற பதில்தான். இருந்தாலும் அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"கெடைச்சா அவங்ககிட்ட காதப் பத்திச் சொல்லிடணும்" என்றார்.

"சொல்லுங்க. மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"ம்." கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டே, "உனக்குத்தான் லீவே போச்சு" என்றார்.

"போகட்டும்."

அவள் படுக்கையறைக்குப் போய்ப் பழைய விரிப்பை உருவிப் புதியதை விரித்தாள். ஆறு நாள் அடுத்தவர் விரிப்பு, ஏழாம் நாள் தன் விரிப்பு, என்ன பிழைப்போ. அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் எப்போதும் கோணல்தான், அவளே சரிசெய்தாள். செய்துகொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"ராத்திரி நான் பேசுவேனே. உங்க இடது பக்கம் படுத்துக்கிட்டு. அது எதுவும் கேக்கலயா?"

அவர் விரிப்பின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல கேக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுது. வலது பக்கம் ஃபேன் வேற கடகடன்னு ஓடும்." தயங்கினார். "அப்புறம் சுத்தமா நின்னு போச்சு. நீ பேசறத விட்டுட்டன்னு நெனச்சேன். என்மேல ஏதோ வருத்தம்னு நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

மூன்று வருடம். ஒரே கட்டிலில், ஒரு முழ இடைவெளியில், அவர் கேட்கவில்லை என்று இவளும், இவள் பேசவில்லை என்று அவரும். அவரை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. குனிந்து அவருடைய தலையணையை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். தன்னுடையதை அவர் பக்கத்தில் போட்டாள். மின்விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் இந்தப் பக்கம் வைத்து, வயர் எட்டாமல், இழுத்து எட்ட வைத்தாள்.

"என்ன இது?"

"இனிமே நீங்க இங்க, நான் அங்க. படுங்க."

"இப்பவா? அஞ்சு மணிக்கா?"

"எனக்குக் கால் வலிக்குது. படுங்க."

படுத்தார். அவள் அவருடைய வலப்பக்கத்தில் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து படுத்துப் பார்க்காத பக்கம். அங்கிருந்து பார்த்தால் அவர் தாடையில் ஒரு மச்சம் இருப்பது தெரிந்தது.

"எங்க சலவைப் பிரிவுல மேற்பார்வையாளர் வேலை ஒண்ணு காலியாச்சு" என்றாள் மெல்லிய குரலில். "பதினாலு வருஷமா நின்னவ நான். எனக்குக் குடுக்காம நேத்து வந்தவளுக்குக் குடுத்துட்டாங்க."

அவர் சட்டென்று அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்புறம்?" என்றார்.